வீடு பார்க்கப் போகும்போது

நமது சங்க அன்பர்களில் வீடோ மனையோ வாங்காதவர் குறைவு. ஒரு முறையேனும் விற்காதவரும் குறைவே. கல்லாவில் நாலு காசு மிஞ்சினால் அதை மண்ணில் போடுவதும், கடைக்கு நெருக்கடி வந்தால் அதே மண்ணை விற்றுக் கடையைக் காப்பதும் நம்மவர் வழக்கம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு வீடு பார்க்கக் கிளம்புவது நமக்குப் புதிதில்லை. ஆனால் பிறர் வீட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை நம்மில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பத்திரம் எப்படிப் பார்ப்பது என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். வாசற்படி ஏறி இறங்கும் விதத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

சரக்குப் பார்ப்பதில் நமக்கு ஒரு முறை உண்டு. மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு பிடி எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். பிடித்தால் விலை பேசுகிறோம், பிடிக்காவிட்டால் எடுத்ததை மூட்டையிலேயே போட்டுவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்கிறோம். மணிலா கொண்டுவந்த விவசாயி பக்கத்தில் நிற்கும்போது, "எல்லாம் சொத்தை, இதை எவன் வாங்குவான்?" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கூவுகிறவனை வியாபாரி என்று யாரும் மதிப்பதில்லை. மாட்டுச் சந்தையில் இன்னும் ஒரு படி மேல். துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. விற்கிறவன் எவ்வளவு இறங்கி வந்தான் என்பது அவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவிலேயே நிற்க வேண்டும் என்கிற மரியாதையும் அந்தத் துண்டுக்குள் இருந்தது.

இந்த முறையெல்லாம் தெரிந்த நாமே வீடு பார்க்கப் போன இடத்தில் மறந்துவிட்டோம். நடந்தது 1998-ஆம் வருடம். தவறு நம் பேரில்தான். கால் நூற்றாண்டு கடந்துவிட்டதால் சொல்லக் கூச்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

திருவந்திபுரத்தில் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஓட்டு வீடு விலைக்கு வருவதாகத் தரகர் சொன்னார். நம் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் தேவநாத சுவாமி சன்னிதிக்குப் பக்கத்தில் இருக்க ஆசை. வீட்டுக்காரர் டவுனில் சில்லறை மளிகைக் கடை வைத்திருந்தவர். நம்மிடம் பருப்பு வகை எடுப்பார். பதினைந்து நாள் தவணை, ஒரு நாள் தவறியதில்லை.

திருவந்திபுரத்தைப் பற்றி நம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் ஔஷதகிரி மலையடிவாரத்தில் கல்யாணக் கூட்டம் நகர இடமிருக்காது. ஒரே நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடந்த நாட்களும் உண்டு. வீட்டில் இரண்டு அறை கூடுதலாக இருப்பவர்கள் பெண் வீட்டாருக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்கோ தங்க விடுவார்கள். நாம் போன நாள் ஆவணிக் கடைசி முகூர்த்தம். தீபாவளிக்கு ஒன்றரை மாதந்தான் இருந்தது. அன்று வர வேண்டாம் என்று அவர் தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். தரகர் அதை நம்மிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது சந்தேகம். நமக்கு அன்றுதான் ஒழிவு.

தனியாகவும் போகவில்லை. மைத்துனர், கொத்தனார் மேஸ்திரி, வாஸ்து தெரிந்தவர் ஒருவர், கடைத்தெரு சிநேகிதர்கள் மூவர், தரகர் என்று ஒரு வேன் நிறைய இறங்கினோம். முன்கட்டில் ஒரு கல்யாணக் கோஷ்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனோம். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "உப்பூறிப் போச்சுங்க, இடிச்சுட்டுத்தான் கட்டணும்" என்றார். வாஸ்துக்காரர் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "அடுப்பு இந்த மூலையில இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல பணம் தங்காது" என்றார். அடுப்பின் முன்னால் வீட்டுக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். நம் சிநேகிதர் ஒருவர் தோட்டத்தில் தென்னை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

திண்ணைக்கு வந்து, கல்யாணக் கூட்டம் கேட்க, "கடைசியா என்ன விலை? ஏன் இவ்வளவு அவசரமா விக்கிறீங்க?" என்று நாமே கேட்டோம். அவர் குரலைத் தாழ்த்தி, "உள்ள வந்து பேசலாமே முதலாளி" என்றார். நமக்கு அப்போதும் உறைக்கவில்லை. சொன்ன விலை அதிகம் என்று தோன்றியது. "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிட்டோம். சொல்லி அனுப்பவும் இல்லை.

வரும் வழியில் திருப்பாதிரிப்புலியூரில் டீ குடித்தோம். "வீட்டை விக்கிற அளவுக்குப் போயிட்டாரே, கடை ஆட்டங்கண்டுடுச்சு போல" என்று ஒருவர் சொன்னார். நாம் மறுக்கவில்லை. "இருக்கும்" என்றுகூடச் சொல்லியிருக்கலாம், இப்போது நினைவில்லை. நான்கு நாள் கழித்து எண்ணெய் மண்டியில் ஒருவர் நம்மிடம், "அந்தக் கடைக்குச் சரக்குப் போடாதீங்க, வீட்டை வித்துட்டு ஊரை விட்டே போகப் போறாராம்" என்றார். நம் வேனிலிருந்து இறங்கிய பேச்சு நாலு வாய் சுற்றி நமக்கே செய்தியாக வந்து சேர்ந்தது. அதை நாமும் நம்பினோம். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "அவருக்கு இனிமே ரொக்கம் பார்த்துப் போடு" என்றோம்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் சில்லறைக் கடைக்காரருக்கு என்ன என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மைதா, கடலை மாவு, எண்ணெய், டால்டா, சர்க்கரை அத்தனையும் தவணையில்தான் இறங்க வேண்டும். அந்த வருடம் அவர் கடையில் பாதி அலமாரி காலி. வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். கார்த்திகையில் வீட்டை வெளியூர்க்காரர் ஒருவருக்கு, நம்மிடம் சொன்ன விலையைவிட எவ்வளவோ குறைத்துக் கொடுத்தார். நமக்கு வர வேண்டிய பாக்கியைத் தை மாதத்துக்குள் ஒரு ரூபாய் மிச்சமில்லாமல் கட்டினார். அதன்பின் நம்மிடம் சரக்கு எடுக்கவில்லை. வழியில் பார்த்தால் முன்போலவே, "சௌக்கியமா முதலாளி?" என்று கேட்பார்.

விற்றதற்குக் காரணம் ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. தம்பி பாகம் கேட்டிருக்கிறார். சண்டையில்லாமல் விற்றுப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கடையில் ஒரு குறையும் இல்லை. குடும்ப விஷயம் என்பதால் கடைத்தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்த மனிதர் அவர்.

வியாபாரி வீட்டை விற்கிறார் என்பது மற்றவர் வீட்டை விற்பது போன்ற செய்தியல்ல. உத்தியோகஸ்தர் விற்றால் மாற்றலாகிப் போகிறார் என்பார்கள். நம்மவர் விற்றால் முழுகிவிட்டார் என்பார்கள். நமக்கு முதல் என்பது நாணயம்தான், பேரேட்டில் எழுதியிருப்பது அதற்கு அப்புறம். ஆகவே ஒரு கடைக்காரர் தம் வீட்டு வாசலை நமக்குத் திறந்து காட்டினால், கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டியதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் வீடு பார்ப்பதில் முதல் மரியாதை. மற்றதெல்லாம் பிறகு.

மற்றதும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. போகும் நேரத்தை வீட்டுக்காரரைக் கேட்டு வைத்துக்கொள்வது, இரண்டு மூன்று பேருக்கு மேல் போகாமல் இருப்பது, செருப்பை வாசலில் விடுவது, பூஜை அறையையும் சமையற்கட்டையும் "பார்க்கலாமா?" என்று கேட்டுப் பார்ப்பது, இவையெல்லாம் சின்ன விஷயங்கள். சுவரில் பதித்த அலமாரி வீட்டோடு வருவது, கேட்டுக்கொண்டு திறக்கலாம். பீரோ வீட்டோடு வருவதில்லை, அதன் கைப்பிடியில் கை வைக்கக் கூடாது. குடக்கூலிக்கு இருப்பவர் வீட்டில் இருந்தால் அவருக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். வீடு விற்கப்படுவதை அவர் நம் வாயிலிருந்துதான் முதலில் அறிகிறார் என்றால் வீட்டுக்காரருக்கு அன்றே ஒரு தலைவலியை உண்டாக்கிவிட்டு வருகிறோம். மேஸ்திரியை அழைத்துப் போவதில் தப்பில்லை. அவர் கண்ட குறையை வேனில் ஏறிய பிறகு சொல்லச் சொல்ல வேண்டும். வாஸ்து பார்ப்பவருக்கும் இதே விதிதான். நம்பிக்கை அவரவர் விருப்பம், ஆனால் அந்த அடுப்பில் முப்பது வருடம் சமைத்தவர் காதில் விழும்படி அதைச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

இப்போது செல்போன் வேறு. போனவுடன் அறை அறையாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் பெரியவர்கள் படம், கொடியில் காயும் துணி, படுத்திருக்கும் பாட்டி எல்லாம் ஊர் பார்க்கிறது. நாம் டீக்கடையில் நான்கு நாளில் செய்ததை இவர்கள் நான்கு நிமிஷத்தில் செய்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் அங்குள்ள வழக்கத்தைச் சொல்வார்கள். வீடு விற்பவர் ஞாயிற்றுக்கிழமையில் இன்ன மணி முதல் இன்ன மணி வரை என்று வாசலில் பலகை வைத்துவிடுவார். ‘ஓப்பன் ஹவுஸ்’ என்று பெயர். அந்த நேரத்தில் வீட்டார் பெரும்பாலும் வெளியே போய்விடுவார்கள். தரகர் மட்டும் நிற்பார். வருகிறவர் பெயரை நோட்டில் எழுதிவிட்டுச் சுற்றிப் பார்க்கலாம். பார்க்கிறவர் குறை சொன்னாலும் கேட்க வீட்டுக்காரர் இருக்கமாட்டார். வீடு வாங்கும் உத்தேசமே இல்லாமல் வேடிக்கை பார்க்க வருகிற அக்கம்பக்கத்தார் அங்கேயும் உண்டாம். நம் ஊரில் வீட்டை விட்டு எல்லோரும் வெளியே போவது நடக்கிற காரியமல்ல. போனால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். ஆனால் நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் ஓப்பன் ஹவுஸுக்குச் சமமாக நடப்பது மனை வியாபாரிகளின் ஞாயிற்றுக்கிழமை வேன்தான். இலவசமாக அழைத்துப்போய், கொடி கட்டிய பந்தலில் சாப்பாடு போட்டு, அன்றே முன்பணம் கொடுத்தால் பரிசு என்பார்கள். அங்கே மரியாதைக் குறைவு பெரும்பாலும் அவர்கள் பக்கம். முன்பணம் கொடுக்காதவருக்குத் திரும்பி வர வேன் கிடைப்பதற்குள் இருட்டிவிடும். நம் பக்கம் ஒன்றே ஒன்று: பந்தலுக்குப் பக்கத்து வயல் இன்னும் பயிர் நிற்கிற வயல், வரப்பில் நடக்க வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. சாப்பாட்டுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பழைய வீடு விற்கும் தனி மனிதருக்கு அந்தச் சட்டம் இல்லை. அவருக்கும் நமக்கும் 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதன் 55-ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தால் சட்டம் எழுதியவர்கள் மரியாதையைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். விற்கிறவர் தமக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையைத் தாமே சொல்ல வேண்டும். கேட்டால் பத்திரங்களைப் பார்க்கக் கொடுக்க வேண்டும். சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் கேட்கிற தக்க கேள்விகளுக்குத் தம்மால் முடிந்தவரை பதில் சொல்ல வேண்டும். பலருக்குத் தெரியாத பகுதி இனித்தான் வருகிறது. அந்தச் சொத்தில் விற்கிறவருக்குள்ள உரிமை அவர் நினைப்பதைவிடப் பெரியது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்து, விற்கிறவருக்குத் தெரியாதிருந்து, அதனால் மதிப்பும் கூடுவதாக இருந்தால், அதை அவரிடம் சொல்ல வேண்டியது வாங்குகிறவர் கடமை. மறைத்தால் மோசடிக்குச் சமம். கிழவி ஒருத்தி தனக்கு அனுபவ பாத்தியதை மட்டும்தான் என்று நினைத்துக் குறைந்த விலைக்குச் சம்மதிக்கிறாள், பத்திரத்தைப் படித்த நமக்கோ அவளுக்கு முழு பாத்தியதை இருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாயை மூடிக்கொண்டு முடிப்பது சாமர்த்தியம் என்று கடைத்தெரு சொல்லும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

குறை சொல்லாமல் பார்க்க வேண்டும் என்றோமே தவிர, கேள்வி கேட்காமல் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. கெடிலக் கரை வீட்டை வாங்குகிறவர் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வாங்கினால் அவரைவிட அசடு கிடையாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது ஓடு பறக்காத வீடு எத்தனை? 2015 மழையும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் மாவட்டத்தையே புரட்டிப் போட்டன. "தண்ணி எது வரைக்கும் வந்தது?" என்று தாராளமாகக் கேட்கலாம். "தண்ணி புகுந்த வீட்டுக்கு இவ்வளவு விலையா?" என்பதைத்தான் கேட்கக் கூடாது. வில்லங்கத்தைப் பொறுத்தவரை வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யவே வேண்டியதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டைப் பார்க்கப் போகலாம். நகல் போதும். அசல் பத்திரத்தை "ராத்திரி படிச்சுட்டுத் தரேன்" என்று கேட்பவரைக் கண்டால் விற்கிறவர் எழுந்து உள்ளே போய்விடுவது உத்தமம்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிடித்துப்போன வேகத்தில் பையிலிருந்து லட்ச ரூபாயை எடுத்து வீட்டுக்காரர் கையில் திணிப்பதை நம்மவர்கள் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். 2015 ஜூன் முதல் தேதியிலிருந்து வீடு மனை விற்பனைக்கு இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகை அபராதமாக விழலாம். அது விழுவது பணத்தை வாங்கிய வீட்டுக்காரர் தலையில். நாம் காட்டும் பெருந்தன்மைக்கு அவர் தண்டம் கட்டுவதா? காசோலையோ வங்கி மாற்றமோ போதும். பிடிக்கவில்லை என்றால் அதையும் இரண்டு நாளில் சொல்லிவிட வேண்டும். நாம் 1998-ல் சொல்லி அனுப்பாமல் இருந்தோமே, அந்த இரண்டு வாரத்தில் வேறு இருவரை "ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்கார், கேட்டுச் சொல்றேன்" என்று அவர் நிறுத்தி வைத்திருந்தாராம். தரகர்தான் சொன்னார்.

நாம் விற்கிற பக்கம் உட்காரும் முறையும் வந்தது. தகப்பனாருக்காகப் பிறகு திருவந்திபுரத்திலேயே வேறு ஒரு வீடு வாங்கியிருந்தோம். அவர் காலமானபின் பூட்டிக் கிடந்ததை 2023-ல் விற்க முடிவு செய்தோம். நெருக்கடி ஏதும் இல்லை. இருந்தும் முதல் மாதத்திலேயே நம் கடைக்குப் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, "ஏங்க, எதாச்சும் பிரச்சினையா?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்தக் கேள்வியைக் கேட்ட இரவு தூக்கம் வரவில்லை. பார்க்க வந்தவர்களில் ஒருவர் தகப்பனார் படுத்திருந்த கட்டிலைத் தட்டி, "இதுவும் சேர்த்துத்தானே?" என்றார். இன்னொரு குடும்பம் முகம் கழுவிக்கொள்ள அனுமதி கேட்டுவிட்டு ஒரு குழந்தையைக் குளிப்பாட்டியே கூட்டிப் போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கோயிலுக்கு வந்த களைப்பு.

கடைசியில் ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை என்று வைத்தோம். முகூர்த்த ஞாயிறு கிடையாது. பத்திரம், பட்டா, வரி ரசீது நகல்களை ஒரு மேஜையில் வைத்தோம். 2015-ல் தோட்டத்துச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்துக்குப் பக்கத்தில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தோம். கோட்டைப் பார்த்ததும் இருவர் திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியோடு வந்திருந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஏறினார்கள். கோட்டைப் பார்த்தார், பக்கத்து வீட்டில் போய் அவர்களையும் கேட்டுவிட்டு வந்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடறேங்க" என்றார். சனிக்கிழமையே சொன்னார்.

விலை பேசக் கடைக்கு வரச் சொன்னோம். பையன்களை அனுப்பிவிட்டுப் பாதி ஷட்டரை இறக்கினோம். துண்டை எடுத்து நம் கையின் மேல் போட்டு நீட்டினோம். இளைஞர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் சிரித்தார். விரல் கணக்குத் தெரியாதென்று சொல்லி, நம் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதில் தொகையை எழுதித் துண்டுக்கு அடியில் தள்ளினார். நாம் அதை அடித்து வேறு எழுதித் தள்ளினோம். மூன்று முறை போய் வந்ததும் முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த தரகருக்கே பத்திரம் எழுதுகிற அன்றுதான் விலை தெரியும்.